ஓட்டியவர் பெயர்

ரொட்டிக்காரம்மாவின் தம்பிக்கு ஊரில் 'தள்ளுபடி' என்று பெயர். வண்டி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பல்பு வாங்கப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் "தள்ளுபடி ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்காமல் படியிறங்க மாட்டார். சொந்த அக்காவின் வண்டிக்குப் பாலிசி புதுப்பிக்க வந்த அன்று அதே கேள்வியை அவரிடம் அக்கா கேட்டாள்.

"தள்ளுபடி உன் கையிலதான் இருக்கு. நான் கேக்கறதுக்கெல்லாம் பாத்துப் பதில் சொல்லு. இந்த வருஷம் கேள்வியைக் கூட்டிட்டாங்க" என்றார் அவர்.

"கேளு. கைதான் வேலையா இருக்கு, வாய் சும்மாத்தான் இருக்கு."

மத்தியான ரொட்டி வேகிற நேரம். செங்கல் அடுப்பின் வாயில் நின்று ரொட்டிக்காரம்மா நீளக் கைப்பிடிப் பலகையால் ரொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் வேகமாகச் சிவக்கும், இடது ஓரம் சோம்பேறி. அந்த அடுப்பின் குணம் அவளுக்கு மட்டும்தான் படிந்திருந்தது. புருஷன் போன பிறகு வேறு யார் கை வைத்தாலும் பாதி கருகி, பாதி மாவாக வந்தது.

"வண்டியை யாரு ஓட்டறா?"

"இது ஒரு கேள்வியா? மாப்பிள்ளைதான்."

தள்ளுபடி பேனாவை மூடினார். "மாப்பிள்ளைன்னு போட்டா தொகை எங்கேயோ போயிடும். சின்ன வயசு. அதுக்கு மேல ரெண்டு தடவை இடிச்சிருக்காரு. ஒரு தடவை காய்கறித் தள்ளுவண்டி, ஒரு தடவை தபால் ஆபீஸ் சுவரு."

"சுவரு குறுக்க ஓடி வந்திருக்கும், பாவம்."

மாப்பிள்ளை மூலையில் மாவு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். காதலித்துக் கட்டிக்கொண்டவன். வந்த நாளிலிருந்து மாமியார் பேச்சைக் காதில் வாங்கி வாயால் திருப்பாமல் இருக்கப் பழகியிருந்தான். சாயங்காலம் மாவு பிசைய ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் அவன் கைதான். விடிந்ததும் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோவதும் அவன்தான்.

"உன் பேரைப் போடறேன்க்கா. உனக்கு லைசென்ஸ் இருக்கு. ஒரு கீறல் கிடையாது. நடுத்தர வயசுப் பொம்பளைன்னா கம்பெனிக்கு அப்படி ஒரு பிரியம்."

"நான் ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு! அவர் இருந்தப்ப ஓட்டினது."

"தொடாததாலதான் கீறல் இல்ல. சரி, ராத்திரி எங்க நிக்குது?"

"சந்தை ஓரத்துல."

"அங்க போன மாசம் டயரைக் கழட்டிட்டுப் போனாங்க. பூட்டின கொட்டகைன்னு எழுதறேன். உன் மாவுக் கொட்டகை."

"அதுக்குள்ள நானே பக்கவாட்டாத்தான் நுழையறேன்."

"வண்டி எதுக்குப் பயன்படுது?"

அவள் பலகையை நிறுத்தித் தம்பியைப் பார்த்தாள். கேள்வி கேட்டவரே பதிலும் சொன்னார். "சொந்த உபயோகம். உறவுக்காரங்களைப் பாக்கப் போறது, கடைத்தெரு. வியாபாரம்னு போட்டா ரெண்டு மடங்கு. பின்சீட்டு இருக்கில்ல?"

"மாடியில இருக்கு. பூனை படுத்திருக்கு."

மகள் உள்ளே இருந்து சிரித்தாள். தள்ளுபடியும் சிரித்தார். அவர் சொன்னவையெல்லாம் அவர் சொன்னபடியே பதிவாயின. தொகையைக் கேட்டதும் ரொட்டிக்காரம்மாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் மாவு விலையும் விறகு விலையும் போட்டி போட்டு ஏறியிருந்தன. கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்த பிறகு என்னவோ ஒரு நெருடல்.

"ஏண்டா, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"வாயைக் கழுவு. ஒண்ணும் ஆகாது. ஆகலைன்னா எல்லாமே உண்மைதான்."

*

பனிக்காலம் அந்த வருஷம் சீக்கிரம் வந்தது. விடியற்காலையில் தெருவிளக்குகள் எரிவது தெரியும், எதன் மேல் எரிகின்றன என்று தெரியாது. எதிர்வீட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் நம் வீட்டுக்குள் கேட்கிற மாதிரி இருக்கும். ஈஸ்ட் குளிரில் மந்தமாகி, மாவு பொங்க இரட்டை நேரம் எடுத்தது. மாப்பிள்ளை தொட்டிகளைப் பழைய கம்பளியால் போர்த்தி, அடுப்புப் பக்கம் நகர்த்தி, மறுபடி நகர்த்தி, தூக்கத்தை அதில் தொலைத்தான். கண் இரண்டும் எப்போதும் சிவந்திருந்தன.

முதல் அடுப்பு ரொட்டி இறங்கியதும் தட்டுகளை வண்டியின் பின்னால் அடுக்குவார்கள். பின்சீட்டு இருந்த இடத்தில் இரும்புச் சட்டம். ரொட்டிச் சூட்டில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்துவிடும். மாப்பிள்ளை துணியால் ஒரு வட்டம் துடைத்து, அந்த வட்டத்தின் வழியாகப் பார்த்து ஓட்டுவான்.

மகளுக்கு அப்போது ஆறாம் மாசம். இருந்தும் அவள் கூடவே கிளம்பினாள்.

"வயித்தைத் தள்ளிக்கிட்டு நீ எதுக்குடி போறே?"

"அவருக்குத் தூக்கம் வருதும்மா. பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே போவேன். நான் பேசினா யாருக்குத் தூக்கம் வரும்?"

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மா. ஆனால் வண்டி பனிக்குள் போய், பின்விளக்கின் சிவப்பு கரைந்து மறைகிற வரைக்கும் வாசலில் நிற்பாள். உள்ளே அடுத்த ரொட்டி கூப்பிடும். அப்புறம்தான் திரும்புவாள். நிற்கிறபோதெல்லாம் அந்தத் தபால் ஆபீஸ் சுவர்தான் ஞாபகம் வரும். இவன் ஒருநாள் என் பொண்ணையும் சேர்த்துக் கொண்டுபோய் எதிலாவது மோதப்போகிறான் என்று நினைப்பாள். அந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விதி அதைக் கேட்டுவிடும் என்பதுபோல ஒரு பயம்.

ஒரு திங்கட்கிழமை வண்டி போன வேகத்தில் திரும்பி வரவில்லை. ரொட்டி கேட்டுக் கடைக்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். முதல் ஆளிடம் "பனி, வந்துடுவாங்க" என்றாள். அடுத்த ஆளிடமும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அடுப்பில் இருந்த ரொட்டியை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, மேலே அடுக்க இடமில்லாமல், கீழே சாக்கு விரித்து அடுக்கினாள்.

வெயில் லேசாகத் தெரிந்த பிறகு வண்டி வந்தது. முன்பக்கம் ஒரு விளக்குக் கண் உடைந்து போயிருந்தது. மாப்பிள்ளைதான் ஓட்டி வந்தான். சட்டை முழுக்க ரத்தம். மகள் இறங்கி, அம்மாவைப் பார்க்காமல், நேராகக் கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

"யாருக்கு என்ன?" என்றாள் ரொட்டிக்காரம்மா.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல அத்தை. கிடங்கு வாட்ச்மேன். வேலை முடிஞ்சு சைக்கிள்ல வந்திருக்காரு. வளைவுல பனி. ஆஸ்பத்திரில சேத்துட்டு வரோம். தலையில அடி."

"நீங்க..." என்று ஆரம்பித்தவள் திரும்பிப் பார்த்தாள். வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. தட்டுகளை எடுத்து எறிந்துவிட்டு அந்த மனிதனை அங்கேதான் படுக்க வைத்திருக்கிறார்கள். நசுங்கிய ரொட்டிகளின் மேல் ஒரு செருப்பு கிடந்தது.

*

தள்ளுபடி வந்தபோது அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு ஓட்டினது?" என்றார்.

"நான்தான் மாமா" என்றான் மாப்பிள்ளை.

"நீங்க ஓட்டல. அக்கா ஓட்டினா."

ரொட்டிக்காரம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். தள்ளுபடியே தொடர்ந்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க ஓட்டினீங்க, ரொட்டி ஏத்திட்டுப் போனீங்கன்னு தெரிஞ்சா கம்பெனி கையை விரிச்சிடும். வாட்ச்மேனோட ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் உங்க தலையில. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீடு, அடுப்பு, எதுவும் மிஞ்சாது. உங்களுக்கு இது மூணாவது தடவை, உள்ள தள்ளிடுவாங்க. பொண்ணு பிரசவத்துக்குப் போகும்போது நீங்க எங்க இருப்பீங்கன்னு யோசிங்க."

"அந்த ஆளுக்குக் கம்பெனி குடுக்குமா? நான் ஓட்டினேன்னு சொன்னா?" என்று கேட்டாள் ரொட்டிக்காரம்மா.

"குடுக்கும். முழுசாக் குடுக்கும். அக்கா, உன் ஒரு வார்த்தையில அந்தக் குடும்பத்துக்கும் நல்லது, நம்ம குடும்பத்துக்கும் நல்லது."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவன் செய்ததற்கு நான் தலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று நெஞ்சு எரிந்தது. கொல்லையில் மகள் இன்னும் குழாயைத் திறந்து விட்டபடி நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, என்ன சொல்லணும்?" என்றாள்.

அன்றைக்கே இரும்புச் சட்டத்தைக் கழற்றினார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பானரைச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்ப வேண்டியிருந்தது. மாடியிலிருந்து பின்சீட்டை இறக்கினார்கள். பூனைக்கு மனசே இல்லை. சீட்டைத் தட்டித் துடைத்துப் பொருத்தினாலும் முடி போகவில்லை. தரைவிரிப்பில் ரொட்டித் தூள், அதற்கடியில் ரத்தம். ரொட்டிக்காரம்மா முழங்காலிட்டுச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தாள். தண்ணீர் மறுபடி மறுபடி நிறம் மாறியது. ஒருவழியாக முடித்து நிமிர்ந்தபோது, அந்த வண்டி உறவுக்காரர்களைப் பார்க்கப் போகிற வண்டி மாதிரியே இருந்தது.

அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய், தம்பி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லி வந்தாள். மகளை ஆஸ்பத்திரியில் காட்ட மூன்று பேருமாகக் கிளம்பினோம், வண்டியை நான்தான் ஓட்டினேன், பனியில் தெரியவில்லை என்றாள். எழுதிக்கொண்டவர் தலைகூட நிமிரவில்லை.

*

வாட்ச்மேனின் மனைவி சட்டைக் கம்பெனிக்குப் பட்டன் தைக்கிறவள். ஆஸ்பத்திரி நடையில் சுவரோரமாக உட்கார்ந்து, மடியில் சட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் குத்தி இழுக்கும்போது மட்டும் கண் கீழே இருக்கும். மற்ற நேரம் எதிரில் இருந்த கதவின் மேலேயே இருக்கும்.

ரொட்டிக்காரம்மா போய் நின்றாள். இன்னார் என்று தள்ளுபடி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

"நீங்கதானா?"

"நான்தான்மா."

"உக்காருங்க."

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு இந்த 'உக்காருங்க' தாங்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"விட்டுட்டு ஓடாம தூக்கிட்டு வந்தீங்களாம். நர்ஸ் சொன்னா. இந்தக் காலத்துல யாரு செய்யறா? நான்தான் ஓட்டினேன்னு நீங்களே போய் ஒத்துக்கிட்டீங்களாம்."

ரொட்டிக்காரம்மா முந்தானையை விரலில் சுற்றினாள்.

"கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா உங்க முகத்தைப் பாத்து என்ன கேக்கறதுன்னு தெரியல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். விழுந்தப்புறம் அவருக்கு நினைவு இருந்துச்சா? ஏதாவது சொன்னாரா?"

இந்தக் கேள்விக்குத் தம்பி பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பனிம்மா. ஒண்ணும்..."

"பனியில கண்ணுதானே தெரியாது. காது கேக்குமே."

"மயக்கமாத்தான் இருந்தாரு. ஒண்ணும் சொல்லல."

அந்தப் பெண் தலையாட்டினாள். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "முந்தின நாள் சாயங்காலம் சண்டை. எதுக்குன்னுகூட இப்ப ஞாபகம் வரல. சாப்பாட்டு டப்பாவை எடுக்காமக் கிளம்பிட்டாரு. பின்னாடியே ஓடிக் குடுத்திருக்கலாம். போகட்டும், பசிச்சா தெரியும்னு விட்டுட்டேன்." அடுத்த சட்டையை எடுத்தாள். "சரி. ஒண்ணும் சொல்லலைன்னா சொல்லல."

வெளியே வந்த ரொட்டிக்காரம்மாவுக்கு வழி தெரியவில்லை. வந்த வாசலையே இரண்டு தடவை கடந்து போனாள்.

*

கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்தவர் சளி பிடித்த மனிதர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். ரொம்பப் பணிவு. கடை வாசலில் நின்று ஒரு பன் வாங்கி, காசு கொடுத்து, முழுவதும் தின்றுவிட்டுத்தான் தன்னை யாரென்று சொன்னார்.

"நல்லா இருக்கும்மா பன்னு. யாரு கைவேலை?"

"பிசையறது மாப்பிள்ளை. அடுப்பு நான்."

"எப்பவும் நீங்கதானா?"

"எப்பவும் நான்தான்."

அவர் தலையாட்டினார். பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். பின்சீட்டைத் தடவி, விரலில் ஒட்டிய பூனை முடியை வெளிச்சத்தில் பார்த்து, ஊதிவிட்டார்.

"கொஞ்சம் ஓட்டிக் காட்டறீங்களா? தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லாரையும் கேக்கறதுதான்."

அவள் ஏறினாள். சீட்டை முன்னால் இழுக்கும் பிடியை இருக்கைக்கு அடியில் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டு தடவை இன்ஜின் செத்தது. மூன்றாவது தடவை வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. தெரு முழுவதும் தன்னையே பார்ப்பது தெரிந்தது. முடிதிருத்துகிறவர் கத்தரியோடு வாசலுக்கு வந்துவிட்டார். மூலை வரை போய், திரும்பி, வந்து நிறுத்தினாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நல்லா ஓட்டறீங்க" என்றார் அவர். "ஒரே ஒரு சந்தேகம். அன்னைக்குக் காலையில நீங்க வண்டியில இருந்தீங்க. அந்த நேரத்துல அடுப்புல இருந்த ரொட்டியை யாரு எடுத்தா?"

அவள் சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"உங்ககிட்ட ரொட்டி வாங்கற ஒரு கடைக்காரரைக் கேட்டேன். அன்னைக்கு ரொட்டி வரலைன்னு போன் பண்ணாராம். நீங்கதான் பேசினீங்களாம். பனி, வந்துடுவாங்கன்னு சொன்னீங்களாம்." கைக்குட்டையை மடித்தார். "வந்துடுவாங்கன்னா யாரு?"

உள்ளே மாவு பிசைகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"நாளைக்கு வரேன்மா. அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வாட்ச்மேன் கண்ணு முழிச்சா அவரையும் கேக்கணும். ஆனா டாக்டர் நம்பிக்கையாச் சொல்லல." நாலடி போய்த் திரும்பினார். "அவர் போயிட்டாருன்னா இது வேற கேஸும்மா. வண்டியை ஓட்டினவங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க."

*

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிடவில்லை. முட்டை ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது.

"மாப்பிள்ளை" என்றாள் ரொட்டிக்காரம்மா. "என்னால முடியல. அந்தக் கம்பெனி ஆளுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரியலைன்னாலும் முடியல. அந்தப் பொண்ணு என்னைக் கேக்கறா, அவர் என்ன சொன்னாருன்னு. நான் அங்க இருந்தாத்தானே சொல்ல? நாளைக்கு நடந்ததைச் சொல்லிடறேன். நீங்கதான் ஓட்டினீங்கன்னு."

அவன் வாதாடுவான் என்று நினைத்திருந்தாள். காலில் விழுவான் என்றுகூட நினைத்திருந்தாள். அவன் நிமிர்ந்து, பாரம் இறங்கியவன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான்.

"சொல்லிடுங்க அத்தை. அதான் சரி. நான் ஓட்டினேன்னு சொல்லிடுங்க. நானும் அதையே சொல்லிடறேன்."

"ஜெயிலுக்குப் போகணும்."

"போறேன். நீங்க இவளை மட்டும் பாத்துக்குங்க."

"இப்பவாவது புத்தி வந்துச்சே. முதல்லயே கண்ணைத் திறந்து ஓட்டியிருந்தா..."

"அம்மா, அவரைத் திட்டாதே" என்றாள் மகள்.

"ஏன் திட்டக் கூடாது? ஒரு உசிரு..."

"அவர் ஓட்டலம்மா."

"நீ சும்மா இரு" என்று மாப்பிள்ளை அதட்டினான். அவன் அவளை அதட்டி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"நான்தாம்மா ஓட்டினேன்."

ரொட்டிக்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மகளுக்கு வண்டி ஓட்டவே தெரியாதே என்று சொல்லப் போனாள்.

"அவர்தான் கத்துக் குடுத்தாரு. கிடங்குக்குப் பின்னாடி காலி இடத்துல, ரொட்டி போட்டுட்டுத் திரும்பும்போது. லைசென்ஸ் குழந்தை பிறந்ததும் எடுத்துக்கலாம்னு இருந்தோம். அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல். ஓட்டும்போதே கண்ணு சொருகுது. நான் பேசறேன், பேசறேன், தலை சாயுது. வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஏறுது. பயந்துபோயி, நிறுத்துங்க, நான் ஓட்டறேன்னு சொன்னேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. இடம் மாறி உக்காந்ததும் தூங்கிட்டாரு. மெதுவாத்தான் போனேன்மா. சத்தியமா மெதுவாத்தான் போனேன். வளைவுல அந்த வாட்ச்மேன் முகம் திடீர்னு கண்ணாடிக்கு நேரா வந்துச்சு. என்னைப் பாத்தாரு."

அவள் அழவில்லை. அதுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

"யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்றான் மாப்பிள்ளை. "நான் ஓட்டினேன். முடிஞ்சது. லைசென்ஸ் இல்லாம, வயித்துல பிள்ளையோட இவளை எங்க அனுப்பறது? அத்தை, நீங்க சொல்லுங்க இவகிட்ட."

ரொட்டிக்காரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கண்ணில் பட்டது தபால் ஆபீஸ் சுவரை இடித்தவன் மட்டும்தான். அவன் கைகளில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. தட்டை அவன் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"சரி மாப்பிள்ளை, காலையில பாத்துக்கலாம்" என்றாள் பிறகு. காலையில் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உண்மை என்று தான் சொல்லத் துணிந்ததும் பொய்யாகிவிட்டது. இனி எந்தப் பொய்யைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

*

விடிந்தபோது மகளின் படுக்கை காலியாக இருந்தது. செருப்பு இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. நடந்து போயிருக்கிறாள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொங்கிய மாவு தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு மாமியாரும் மருமகனும் பனிக்குள் ஓடினார்கள். அடுத்த ஆள் தெரியவில்லை. கிடங்கு வளைவைக் கடக்கும்போது மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் அந்தக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஆள் இல்லை. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நடையின் கோடியில் மூன்று பேர் இருந்தார்கள். செய்தி கேட்டுக் கம்பெனியின் கைக்குட்டைக்காரர் வந்திருந்தார். வாட்ச்மேனின் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தைக்காத சட்டைகள் பக்கத்தில் மூட்டையாகக் கட்டியிருந்தன. எதிரில் நின்றவள் மகள்.

"இங்க வராதீங்க" என்று மகள் கையைக் காட்டினாள். அம்மாவுக்கும் புருஷனுக்கும் சேர்த்துச் சொன்னாள். "நான் சொல்லிக்கறேன்."

"இவளுக்கு உடம்பு சரியில்ல சார். என்னவோ பேசறா. ஓட்டினது நான்" என்றான் மாப்பிள்ளை.

"இல்ல சார். நான்" என்றாள் ரொட்டிக்காரம்மா, தன்னை அறியாமல்.

விசாரணைக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். கோபப்படவில்லை. மகள் பக்கம் திரும்பினார். "நீ வர்றதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் அவர் போனாரும்மா. தெரியும்ல?"

"வந்ததும் சொன்னாங்க."

"இப்ப நீ சொல்றதை நான் எழுதினா கம்பெனி ஒண்ணும் குடுக்காது. இவங்களுக்குச் சேர வேண்டியதெல்லாம் உங்க வீட்டுலேருந்துதான் வரணும். போலீஸும் வரும். புரிஞ்சுதான் சொல்றியா?"

"புரிஞ்சுதான்."

"சொல்லு."

அவள் சொன்னாள். காய்ச்சல், தூக்கம், இடம் மாறியது, துடைத்த வட்டம், வளைவு. நின்றபடியே, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நடுவில் மாப்பிள்ளை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். ரொட்டிக்காரம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வீடும் அடுப்பும் மனசுக்குள் வந்து வந்து போயின. கடைசியில் மகளின் குரல் நடுங்காமல் இருப்பது மட்டும்தான் காதில் நின்றது.

வாட்ச்மேனின் மனைவி அதுவரை தலை நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்து ரொட்டிக்காரம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க அங்க இல்லவே இல்ல."

"இல்லம்மா."

"மயக்கமா இருந்தாரு, ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னீங்களே."

ரொட்டிக்காரம்மாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண் மகளிடம் திரும்பினாள்.

"நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"சொன்னாரா?"

"சொன்னாரு. நான் இறங்கி ஓடினேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. முதல்ல, சைக்கிள் எங்கன்னாரு. இங்கதான் இருக்குன்னேன். பூட்டுன்னாரு. பூட்டறேன்னேன். அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு இவரைக் கத்தி எழுப்பினேன். வண்டியில ஏத்தும்போது ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே வந்தாரு. யாரு பேருன்னு எனக்குத் தெரியாது."

"என்ன பேரு?"

மகள் குனிந்து, மெல்ல, அந்தப் பெயரைச் சொன்னாள். அது ஒரு பெயர் மாதிரியே இல்லை. சின்னக் குழந்தையைக் கொஞ்சுகிற சத்தம் மாதிரி இருந்தது.

விசாரணைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். நடையில் போய்க்கொண்டிருந்த நர்ஸ்கூட என்னவோ என்று நின்றாள். வாட்ச்மேனின் மனைவி மூட்டையின் முடிச்சை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அது அவர் மட்டும் கூப்பிடற பேரு" என்றாள். "வேற ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு மகளின் முகத்தை, புடவைத் தலைப்பை, வயிற்றை, தூசி படிந்த கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மன்னித்ததாகவும் தெரியவில்லை, சபித்ததாகவும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். "அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

மகள் சொன்னாள்.